காப்புக் கட்டிய வீட்டில் கோழிச்சாறு

பங்குனி 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே தார் ரோடு மினுமினுக்கிறது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்தாயிற்று. கார் வாடகை, மாத்திரை, கட்டுத் துணி எல்லாம் எதிர்ப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இளநீர் மட்டும் விட்டுப்போயிற்று, 2 x 50.

வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பட்டாசு லோடு ஏற்றி வடக்கே லாரி ஓட்டிப் போகிற மனிதர். சீசன் என்றால் காலைச் சாப்பாடு சாயங்காலம்தான். கடைசியில் குடலில் ஓட்டை விழுந்து வயிற்றைத் திறந்து தைத்தார்கள். உயிர் அம்மன் போட்ட பிச்சை.

டாக்டரம்மா சொன்னது, மறக்காமல் இருக்க: கஞ்சித் தண்ணீர். இளநீர். தினம் இரண்டு வேளை கோழி சூப். சூப் தெளிவாக, டம்ளரின் அடி தெரியும்படி. எண்ணெய், காரம், மஞ்சள், மசாலா கூடாது. உடம்பில் சத்தே இல்லையாம், அதனால் கட்டாயம்.

கட்டாயம் என்று டாக்டரம்மா சொன்னபோது என் வலது கையைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு.

ஆப்பரேஷன் நடந்தபோது வாசலில் நின்று வேண்டிக்கொண்டேன். உயிரோடு வீடு வந்தால் இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச் சட்டி எடுக்கிறேன் தாயே என்று. கொடியேறிய அன்று பஸ் பிடித்து ஓடி வந்து கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பினேன். சட்டியை இறக்கிக் காப்பை அவிழ்க்கும் வரை கறி தொடக் கூடாது. வாயில் வைக்கக் கூடாது. அடுப்பங்கரைக்குள் வரவே கூடாது.

அவருக்காகக் கட்டிய காப்பு. அவருக்கு ஒரு டம்ளர் சூப் வைக்க விடாமல் என் கையையே கட்டிப்போட்டிருக்கிறது.

மகளைக் கூப்பிடலாம் என்றால் திருப்பூரில், ஏழாம் மாதம். பஸ்ஸில் வரச் சொல்ல முடியாது.

பங்குனி 10, செவ்வாய்

பூசாரியிடம் கேட்டேன். "நோயாளிக்கு மருந்து மாதிரிதானம்மா. வேற அடுப்பு, வேற சட்டி, வேற ஆளு. நீ தொடாத, ருசி பாக்காத. அம்புட்டுத்தான்."

அடுப்பு கிடைத்தது, பரணில் கிடந்த ஒற்றை பர்னர். சட்டி வாங்கினேன். ஆள்தான் யோசனையாக இருந்தது. யோசிக்க விடவில்லை, ஆளே வந்து நின்றது.

மாரீஸ்வரி. அவருடைய தாய்மாமன் மகள். அடுத்த தெரு. சின்ன வயதிலேயே இவருக்கு என்று பேசி வைத்திருந்து, ஜாதகம் சேராமல் விட்டுப்போன சம்பந்தம். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்க்க வந்தார்கள். அவள் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இவள் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறாள். சோதனைக்கு வருகிறார்கள் என்று கம்பெனியை அடைத்துவிட்டார்களாம். சும்மாதான் இருக்கிறாள்.

"நான் வச்சுத் தாரேங்க்கா. இதுக்குப் போயி யோசிச்சுக்கிட்டு இருக்கீக. எங்க அத்தானுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?"

எங்க அத்தான். இருபத்தைந்து வருஷம் இந்த வீட்டில் நான் சோறு வடித்திருக்கிறேன். இவளுக்கு எங்க அத்தான்.

செவ்வாய், வெள்ளி அவளும் கறி தொட மாட்டாள். நாளையிலிருந்து.

பங்குனி 11, புதன்

காற்றே இல்லை. பின்வாசல் தகரக் கொட்டகையில், துவைகல் பக்கத்தில் அடுப்பு. நாட்டுக்கோழி, முட்டையிடாத விடை, முக்கால் கிலோ. அவளே வாங்கி வந்தாள். பணம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். காப்புக் கட்டியவள் கடன் வைக்கக் கூடாது என்று சொல்லிக் கையில் திணித்தேன். (அப்படி ஒரு விதி கிடையாது.)

நான் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். கீரைதான் ஆய்ந்தேன். கண் அங்கே.

அவள் செய்தது: தோலை உரித்தாள். எலும்பைத் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் சிவந்தது. கொட்டினாள். மறுபடி பச்சைத் தண்ணீர். அதோடு அடுப்பில் ஏற்றினாள். நான் என்றால் கொதிக்கிற தண்ணீரில் போடுவேன். சாம்பல் நிறத்தில் நுரை கட்டியது. கரண்டியால் ஓரமாக ஒதுக்கி எடுத்தாள். திரும்ப வந்தது, திரும்ப எடுத்தாள். சலிக்கவே இல்லை. பிறகு நாலு சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு துண்டு இஞ்சி. மிளகு இடிக்காமல் முழுசாக. அடுப்பு சிம்மில்.

"கொதி வந்துரப்படாதுக்கா. ஓரத்துல முத்து முத்தா எந்திரிக்கணும், அம்புட்டுத்தான். கொதிச்சா உள்ள இருக்கிற கசடு பூராம் கலங்கிரும். கிண்டவும் கூடாது."

"எம்புட்டு நேரம்?"

"அது ஆகுற நேரம் ஆகும். நாங்க மருந்துக்கிட்ட ஒக்காந்து பழகுனவுக. அவசரப்பட்டா ஆளே இருக்க மாட்டோம்."

அவள் மகனுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி சொல்லிக் கொடுத்ததாம்.

நான் கோழிச்சாறு வைத்தால் குக்கர், ஐந்து விசில், மல்லி மிளகு இடித்துப் போட்டு, மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக நிற்கும். தெருவே மூக்கை உறிஞ்சும். அதைத்தான் சாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடிகட்ட வெள்ளைத் துணி வேண்டும் என்றாள். "அத்தான் பழைய வேட்டி இருந்தாத் தாங்க." பெட்டியில் அவருடைய கல்யாண வேட்டி பழுத்துப்போய்க் கிடக்கிறது. அதைத் தாண்டிக் கையை விட்டு, போன பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியைக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

துணியை நனைத்து இரண்டாக மடித்து வடித்தாள். ஐஸ் கட்டியை ஒரு துணியில் முடிந்து மேலாக இழுத்தாள். இருந்த எண்ணெயெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் உப்பு.

டம்ளரின் அடி தெரிந்தது. பால் விடாத டீபோல, ஆனால் அதைவிட வெளிச்சமாக. கண்ணாடி டம்ளர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். காட்டத்தான்.

அவர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரே மடக்கு. டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்கு மாரி."

கண்ணை மூடிக்கொண்டார். நான் வைத்த எதையும் அவர் கண்ணை மூடிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பங்குனி 12, வியாழன்

பால் 2. தயிர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேஸ் புக் செய்ய.

இன்றும் கண்ணை மூடினார். இரண்டு வேளையும்.

எதிர்வீட்டு ராக்கம்மா வாசல் தெளிக்கும் சாக்கில் மூக்கை நீட்டினாள். "காப்புக் கட்டுன வீட்டுல கோழி வாசம் வருதே, எங்கிட்டு இருந்து?"

"பின்வாசல்ல. அவுக மாமா மக வந்து வைக்கிறா."

"ஓ. மாமா மகளா." வாளியைக் கீழே வைத்தாள். "குடுத்து வச்சவ நீ. ஒனக்கு அடுப்படி வேலை மிச்சம்."

விரதத்தில் வாயை அடக்க வேண்டும். மனசையும்தான், அது நம் சொல்லைக் கேட்டால்.

பங்குனி 13, வெள்ளி

கோழி இல்லை, கஞ்சித் தண்ணீர். நானே வடித்து நானே கொடுத்தேன். கண்ணைத் திறந்துகொண்டே குடித்தார். பாதியில் நிறுத்தி டி.வி. பார்த்தார். மிச்சத்தையும் குடித்தார்.

கோயில். ஈரச் சேலையோடு மூன்று சுற்று. வேண்டிக்கொண்டவை: அவர் வயிறு ஆற. மகளுக்குச் சுகப்பிரசவம். லாரி ட்யூ கட்ட ஆர்டர் வர. என் மனசில் இருக்கிற கரிப்பு போக. நாலாவதைச் சொல்லும்போது கும்பல் தள்ளிவிட்டது. சரியாகச் சொன்னேனா தெரியவில்லை.

மா. (மாரீஸ்வரிதான்) ஒரு நாள் வராததற்கு அவர் இரண்டு தரம் கேட்டார். "மாரி இன்னைக்கு வரலையா?" வெள்ளிக்கிழமை என்று தெரிந்த மனிதர்தான்.

பங்குனி 14, சனி

நான் உள்ளே விளக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கட்டில் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"ஏ மாரி, நிப்பாட்டு. தையல் பிரிஞ்சிரும்."

"பிரிஞ்சா நான் தச்சுவிடுறேன் அத்தான். வெம்பக்கோட்டை டேம்ல எருமைக்குப் பயந்து மரத்துல ஏறுன ஆளுதான நீங்க. எறக்குறதுக்கு எங்கய்யா ஏணி கொண்டுட்டு வந்தாகள்ல."

"அது எருமை இல்ல. காளை."

"எருமைதான். நான் வாலைப் பிடிச்சுல்ல ஓட்டுனேன்."

மரத்தில் ஏறிய கதை எனக்குத் தெரியாது. எருமை, காளை எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் தரையிலேயே கிடந்தேனே, ஒரு நாள் இவர் முகத்தில் சிரிப்பு வந்ததா? நானும் சிரிக்கச் சொல்லவில்லைதான். மாத்திரை முழுங்கினீகளா, பாத்ரூம் போனீகளா, அதைத்தான் கேட்டேன்.

விளக்கைப் புளி போட்டு மறுபடி தேய்த்தேன். முன்பே பளபளப்பாகத்தான் இருந்தது.

பங்குனி 15, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதுகிறேன்.

மா. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஐஸ் வாங்கக் கடைக்குப் போனாள். "ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேங்க்கா. தொடாதீக, பாத்துக்கிட்டா மட்டும் போதும்."

பார்த்தேன். ஓரத்தில் முத்து முத்தாக. அப்போதே அடி தெரிந்தது. இதையும் கண்ணை மூடிக் குடிப்பார், நல்லா இருக்கு மாரி என்பார்.

குமிழைத் திருகினேன். பெரிதாக. கோழியைத் தொடவில்லை, சட்டியைத் தொடவில்லை, காப்புக் கட்டாத இடது கை. இப்படியெல்லாம் அந்த நேரத்திலேயே கணக்குப் போட்டேன்.

தளதளவென்று கொதித்தது. எலும்பெல்லாம் உருண்டது. சுண்ணாம்புத் தண்ணீர்போல ஆன பிறகு திரும்பக் குறைத்துவிட்டு வந்து கீரைத் தட்டோடு உட்கார்ந்தேன்.

அவள் வந்தாள். கரண்டியில் மொண்டு பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள்.

"காத்தடிச்சதாக்கா?"

"இல்லையே."

"அடுப்பு தன்னால எரியுது போல."

வடிகட்டிப் பார்த்தாள். இரண்டு தரம், மூன்று தரம். தெளியவில்லை. அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். புண்ணில் கசடு போய் நின்றால் யார் பதில் சொல்வது என்றாள். சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்த் தெரு நாய்க்கு ஊற்றினாள்.

அவருக்கு இரண்டு வேளையும் வெறும் கஞ்சித் தண்ணீர். சாயங்காலம் எழுந்து பாத்ரூம் போகும்போது தள்ளாடினார். சுவரைப் பிடித்தார். நான் ஓடிப் பிடித்தேன். கை குச்சி மாதிரி.

யாருக்காகக் காப்புக் கட்டினேனோ அவரையே பட்டினி போட்டிருக்கிறேன்.

பங்குனி 16, திங்கள்

வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், கோழியோடு. ஐஸும் வரும்போதே வாங்கி வந்துவிட்டாள்.

அடுப்பை விட்டு அசையவில்லை. தண்ணீர் கேட்டாள், கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தாள். நான் போகாமல் நின்றேன்.

"மாரீஸ்வரி, நேத்து..."

"அக்கா, வெந்துக்கிட்டு இருக்கும்போது பேசப்படாது." நுரையை எடுத்தாள். "எங்க போர்மேன் சொல்லுவாரு. கையில மருந்து இருக்கும்போது மனசுல வேற எதுவும் இருக்கக் கூடாதுன்னு."

அதோடு சரி. இவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று அதற்கும் ஒரு கரிப்பு.

தெளிவாக வந்தது. கண்ணை மூடினார். நல்லா இருக்கு மாரி.

பங்குனி 19, வியாழன்

நடுவில் எழுத ஓயவில்லை. சட்டி எடுக்கச் சாமான்: மண் சட்டி, மஞ்சள் சேலை, வேப்பிலை, விறகு, சாம்பிராணி, எலுமிச்சை 11. மஞ்சள் சேலை கடையில் விலை ஏற்றிவிட்டான். பேரம் பேசவில்லை, அம்மனுக்கு.

அவர் வாசல் வரை நடந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை. மாரீஸ்வரி கை, வேறு என்ன.

சட்டி எடுக்கிறவள் கூட ஒரு பொம்பளை வர வேண்டும், தீ தணியாமல் விறகு போட, காலுக்குத் தண்ணீர் ஊற்ற. மகள் வந்திருந்தால் அவள். ராக்கம்மாவைக் கேட்கலாம் என்று இருந்தேன்.

"நான் வாரேங்க்கா," என்றாள் மா. கேட்கவே இல்லை நான்.

பங்குனி 23, திங்கள்

சட்டி எடுத்தாயிற்று. தாயே.

கை இன்னும் சுடுகிறது. கொப்புளம் இல்லை. ரோடு முழுக்க மஞ்சள் சேலை, புகை, கொட்டு. எங்கே பார்த்தாலும் தலை. கோயில் தெரு திரும்பும் இடத்தில் கும்பல் நெரித்தபோது நான் வேகமாக எட்டு வைத்துவிட்டேன். நெருப்பு சாய்ந்தது. பின்னாலிருந்து மா. என் இடுப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெல்லக்கா. சிம்முல வைங்க."

சட்டி கையில் இருக்கும்போது சிரிக்கலாமா, தெரியாது. சிரித்துவிட்டேன்.

என் காலுக்கு அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள், கோயில் வாசல் வரை. அவளும் செருப்பில்லாமல்.

அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ராக்கம்மா சொன்னாள், கண் கலங்கினாராம். யாரைப் பார்த்து என்று அவளிடம் கேட்க முடியுமா.

பங்குனி 24, செவ்வாய்

காப்பை அவிழ்த்துக் கோயிலில் போட்டாயிற்று. கை வெறுமையாக இருக்கிறது.

மதுரை போய்க் காட்டினோம். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். குழைந்த சோறு கொடுக்கலாம். காரம் குறைத்து, எண்ணெய் குறைத்துக் குழம்பு கொஞ்சம் ஊற்றலாம். சூப் இனி வேண்டுமானால் கொடுங்கள், கட்டாயம் இல்லை.

மா.வுக்குக் கம்பெனி திறந்துவிட்டார்கள். காலை வேனில் போய்விட்டாள். அடுப்பு, சட்டி, வேட்டித் துணி எல்லாம் கழுவித் துவைகல்லில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

கட்டாயம் இல்லை என்றால் என்ன. நாளைக்கு நான் வைப்பேன். ஒரே ஒரு தரமாவது.

பங்குனி 25, புதன்

கொஞ்சம் மேகம். மழை வராது.

கோழி நானே போய் நின்று வாங்கினேன். தோல் உரித்து, பச்சைத் தண்ணீர், சிவந்ததைக் கொட்டி, மறுபடி பச்சைத் தண்ணீர். நுரை. முழு மிளகு. சிம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. கீரைக்காரி கூப்பிட்டாள், போகவில்லை. வடிகட்ட அந்தப் புது வேட்டித் துணியை எடுக்கவில்லை. பெட்டியில் கிடந்த கல்யாண வேட்டியைக் கிழித்தேன். ஐஸ். உப்பு.

அடி தெரிந்தது. டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். அவள் வைத்ததைவிட ஒரு பொட்டு தெளிவு. யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் காட்டலாம்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரே மடக்கு.

எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நல்லா இருக்கு என்று வரப்போகிறது என்று.

கண்ணைத் திறந்தார். "ஏளா, டாக்டரம்மாதான் சோறு திங்கலாம்னுட்டாகள்ல. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் தண்ணிய ஊத்தப் போற?"

"நல்லா இல்லையா?"

"கோழி குளிச்ச தண்ணி மாதிரி இருக்கு."

"அப்ப மாரீஸ்வரி வச்சது?"

"அதுவும் இதே தண்ணிதான். ருசியில்ல, ஒறைப்பில்ல. கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்கா இழுத்தாத்தான் எறங்கும். நிப்பாட்டி நிப்பாட்டிக் குடிச்சா கொமட்டிரும்."

"அவகிட்ட நல்லா இருக்குன்னு சொன்னீகளே. தினம் சொன்னீக."

"பாவம், வேற வீட்டுப் பிள்ளை. மெனக்கெட்டு வந்து வெயில்ல நிக்கிறா. அவகிட்டப் போயி எப்படிச் சொல்லுவேன்."

"என்கிட்ட மட்டும் சொல்லலாமாக்கும்."

"ஒன்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டளா சொல்ல?" டம்ளரை என் கையில் கொடுத்தார். "குழம்பு வையி. வச்சு எம்புட்டு நாளாச்சு."

சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. பட்டேன். அடுப்பங்கரைக்கு வந்து மல்லி வறுக்கும் வரை பட்டேன். மல்லி வாசம் எழும்பும்போது இது தோன்றியது: அவள் மனசு நோகக் கூடாது என்று இத்தனை நாள் ஒரு பொய்யை விடாமல் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். எனக்காக ஒரு வேளை தூக்க முடியவில்லை.

மல்லி கருகப் பார்த்தது. அடுப்பைக் குறைத்தேன்.

வற்றல் இரண்டே இரண்டு. மிளகு பாதி. எண்ணெய் ஒரு கரண்டி. மிச்சமிருந்த தெளிந்த சாறு முழுவதையும் குழம்பில் ஊற்றிவிட்டேன்.

மத்தியானம் குழைந்த சோறு, அதன் மேல் ஒரு கரண்டி குழம்பு. பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"நல்லா இருக்குளா."

கண் திறந்துதான் இருந்தது. குனிந்து பார்த்தேன்.